திரையில் எழுந்த மாங்குளம் – வன்னி இரசிகர் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

கலை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கலைஞரின் வரலாற்றையே எழுதி அமைவர். ஒரு படத்தை நெறிப்படுத்தியவர் யார், அது எந்த ஆண்டு வெளிவந்தது, எத்தனை நாள் ஓடியது ஆகிய செய்திகள் ஏடேறிவிடுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஊர் திரும்பிய மனிதன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்த அபிப்பிராயம் காற்றோடு கலந்துவிடுகின்றது. ‘இரசிகன்’ என்னும் சொல்லே கற்றோர் நாவில் சற்று ஏளனத்துடன் ஒலிப்பது. கொட்டகையில் விசிலடிப்பவன், நட்சத்திரத்தின் பெயரால் சண்டையிடுபவன், சிந்திக்கத் தெரியாதவன் என்ற சித்திரமே அச்சொல்லின் பின்னால் நிற்கின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பின் இரசிகனுக்கு இச்சித்திரம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயற்பாலது. படமாளிகைக்குத் தொலைவிலும், பின்னர் மின்சாரமே இல்லாத சூழலிலும் ஒரு தலைமுறைக்கு மேலாகத் தமிழ்ப்படம் பார்த்தவன் அவன். தான் பார்த்த திரையிலே தன் ஊரின் பெயரையே ஒருநாள் கேட்க நேர்ந்தவன். அந்த ஊர் மாங்குளம்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, முல்லைத்தீவு நோக்கிக் கிழக்கே பிரியும் வீதியின் தலைப்பில் அமைந்தது மாங்குளம். நிர்வாகத்தில் அது முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது. வடபகுதிப் புகையிரதப் பாதையில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. சுற்றிலும் பாலையும் முதிரையும் வீரையும் நிறைந்த உலர்வலயக் காடு, காட்டிடையே குளங்கள், குளத்தை நம்பிய வயல்கள். சந்தி என்பதே அவ்வூரின் முதல் அடையாளம். வடக்கே போவோரும் தெற்கே போவோரும் கிழக்குக் கரைக்குப் போவோரும் அதனைக் கடந்தே செல்லவேண்டும். போர் வந்தபோது படைகளும் அவ்வாறே கடந்தன.

இத்தகைய ஊருக்குத் திரைப்படம் முதலிற் கண்வழியாக வரவில்லை, செவிவழியாகவே வந்தது. கொழும்பில் 1925 ஆம் ஆண்டு டிசம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. 1950 இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமானது. இதற்குச் சற்றுப் பின்னர் இந்தியாவிலே நிகழ்ந்த ஒரு மாற்றம் இலங்கை வானொலிக்கு எதிர்பாராத செல்வாக்கைத் தேடிக்கொடுத்தது. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சுப் பொறுப்பை ஏற்ற கேஸ்கர் திரையிசையை மதியாதவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் பெரிதும் ஒதுக்கப்பட்டன. 1957 இல் ‘விவித பாரதி’ தோன்றும்வரை, தமிழ்நாட்டு நேயரும் தம் நாட்டுத் திரைப்பாட்டைக் கேட்பதற்கு இலங்கை வானொலியையே நாடினர். கடலின் இருகரையிலும் ஒரே வேளையில் ஒரே பாட்டு ஒலித்தது. தமிழ்த் திரையின் இரசிகர் உலகில் இலங்கை ஓர் எல்லைப்புறம் என்று எண்ணுவோர் இச்செய்தியை மனங்கொள்ளல் வேண்டும். பாடல் பிறந்த இடம் சென்னையாயினும் அது பரவிய இடம் கொழும்பாக இருந்த காலம் ஒன்று உண்டு.

அக்கால இரசிகனின் அபிப்பிராயம் தபாலட்டையில் எழுதப்பட்டது. ‘நேயர் விருப்பம்’ போன்ற நிகழ்ச்சிகளுக்கு நேயர்கள் தாம் விரும்பிய பாடலைக் குறித்து அனுப்புவர். அறிவிப்பாளர் பாடலுக்கு முன்னர் அவர்களது பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் வாசிப்பார். எஸ். பி. மயில்வாகனம் போன்றோரின் குரலில் தன் ஊரின் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்பது, பத்திரிகையில் என்றுமே இடம்பெறாத சிற்றூர்க்காரனுக்கு ஓர் அங்கீகாரமாயிருந்தது. விரும்பிய பாட்டை மட்டுமன்றித் தன் இருப்பையும் அவன் அந்த அட்டையிலே பதிவுசெய்தான். பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்கள் தாமே நட்சத்திரங்களாக விளங்கினர். படத்தின் சிறு பகுதிகளும் வசனங்களும் விளம்பரமாக ஒலிக்க, படம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே பாடல்கள் மனப்பாடமாகிவிடும். ஆகவே வன்னி இரசிகன் தன் செவியால் வளர்ந்தவன். எந்தச் சொல் எவ்வாறு உச்சரிக்கப்படுகின்றது, எந்தக் குரல் எந்த நடிகருக்குப் பொருந்துகின்றது என்பவற்றில் அவன் கொண்டிருந்த நுட்பம் இங்கேயே உருவாயிற்று. இந்நுட்பம் பிற்காலத்தில் அவனுக்கு ஒரு நோவையும் தந்தது. அது பின்னர் காட்டப்படும்.

படத்தைப் பார்க்க வேண்டுமாயின் பட்டணம் செல்ல வேண்டும். வவுனியாவுக்குப் பஸ் வண்டியிலோ, யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதத்திலோ செல்வர். 1956 இல் சேவையைத் தொடங்கிய ‘யாழ்தேவி’ அத்தகைய பயணங்களோடு இணைந்த பெயர். வின்ட்சர், வெலிங்டன், ரீகல், ராஜா, ராணி, மனோகரா, ஸ்ரீதர், லிடோ என்ற யாழ்ப்பாணப் படமாளிகைகளின் பெயர்களை முதியோர் இன்றும் கோயிற் பெயர்களைப் போல வரிசையாகச் சொல்லக் கேட்கலாம். இங்கு பேராசிரியர் கா. சிவத்தம்பி கூறிய ஒரு கருத்து நினைவுகூரத்தக்கது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது அரங்கு திரைப்படக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கை பிறப்பினால் அன்றிப் பணம் கொடுக்கும் வலிமையினால் தீர்மானிக்கப்பட்டது என்றும் அவர் காட்டினார். வடஇலங்கையில் ஆலயப் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் போராட்டங்கள் நடைபெற்ற ஆண்டுகளிலேயே, கலரி டிக்கற் வாங்கியவர் எவரும் கலரியில் அமரக்கூடியதாயிருந்தது. படித்தோர் ஏளனம் செய்த இடம் இந்த வகையில் அவர்களது மன்றங்களுக்கு முன்னே நின்றது.

எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என இரசிகர் பிரிந்து நின்றதும் சலூன்களிலும் தேநீர்க்கடைகளிலும் வாதிட்டதும் யாவரும் அறிந்ததே. எம்.ஜி.ஆர். 1917 இல் கண்டியிலே பிறந்தவர் என்பது அவரது கட்சியாருக்கு ஒரு மேலதிக ஆயுதம். இவ்வாதங்களை வீண்பொழுது என்று தள்ளிவிடலாகாது. நடிப்பா, நல்லொழுக்கமா, கதையா, பாட்டா எது பெரிது என்ற வினா அவற்றின் அடியிலே இருந்தது. திறனாய்வு என்ற பெயர் தெரியாத திறனாய்வு அது.

1970 களிலே இந்த இரசிகன்மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றி, படங்களின் இறக்குமதி அதன் கைக்கு வந்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் அக்காலத்திற் கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டுத் தமிழ்ப்படங்களுக்கு ஒரு வாய்ப்புப் பிறந்தது. 1962 இல் ‘சமுதாயம்’ எனும் படத்தோடு ஆரம்பமான ஈழத்துத் தமிழ்த் திரை, ‘குத்துவிளக்கு’ (1972), ‘புதிய காற்று’ (1975), ‘கோமாளிகள்’ (1976), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) எனச் சில ஆண்டுகள் முனைப்புடன் இயங்கியது. ஆயினும் அது நிலைபெறவில்லை. இரசிகரின் இந்திய மோகமே இதற்குக் காரணம் எனப் பலர் தீர்ப்பு வழங்கினர்.

அத்தீர்ப்பு முழுமையானதன்று. மேற்கூறிய படங்களுள் மக்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றது ‘கோமாளிகள்’. அது வானொலியிலே தொடர் நாடகமாகப் புகழ்பெற்ற பின்னரே திரைக்கு வந்தது. தான் ஏற்கனவே செவியால் விரும்பிய பாத்திரங்களை, தன் நாட்டுப் பேச்சோடு, இரசிகன் கண்ணாலும் காணச் சென்றான். செங்கை ஆழியானின் நாவலை வைத்து பிரேம்நாத் மொறாயஸ் நெறிப்படுத்திய ‘வாடைக்காற்’றையும் வாசகர் பலர் நாவலை நினைந்தே பார்த்தனர். தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ கலைத்தரத்தில் உயர்ந்ததாகப் பின்னாளிற் போற்றப்பட்டது. வெளிவந்த காலத்தில் அது மக்களைச் சென்றடையவில்லை. இவற்றை ஒருங்கு நோக்கின், இரசிகன் உள்நாட்டுப் படத்தை உள்நாட்டது என்பதற்காக வெறுத்தான் என்று சொல்ல இடமில்லை. அறிமுகமும் நெருக்கமும் உள்ளவிடத்து அவன் சென்றான். குறைந்த முதலுடன், குறைந்த படமாளிகைகளில், சில நாட்களே ஓடிய படங்களோடு அத்தகைய நெருக்கம் உருவாக நாட்கள் போதவில்லை. வன்னியைப் பொறுத்தவரை இன்னொரு குறையும் உண்டு. அந்நிலத்தின் காட்டையும் குளத்தையும் பேச்சையும் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இலேயே நாவலாக்கிவிட்டது. திரையில் அதற்கு ஈடானது அப்போது எதுவும் எழவில்லை. எழுத்திலே இருந்த வன்னி, படத்தில் இல்லை.

1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரமும், 1979 இலும் 1982 இலும் முறையே தொடங்கிய சுயாதீன, ரூபவாஹினித் தொலைக்காட்சிச் சேவைகளும், அவற்றோடு கூடவே வந்த வீடியோ டெக்கும் நிலைமையை மாற்றின. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. திரைப்பட நெறியாளர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். சிங்களப் படத்துறையைக் கட்டியெழுப்பியதில் தமிழருக்கு இருந்த பங்கு பெரிது. முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’வை 1947 இல் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழரே. அப்பங்கு பெரும்பாலும் அந்த ஜூலையோடு முடிந்தது.

1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. வடக்கு நோக்கிய புகையிரதம் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. அதன் பின்னர் பொருளாதாரத் தடையின்கீழ் வன்னி வாழ்ந்த காலமே வன்னி இரசிகனின் வரலாற்றில் மிகச் செறிவான அத்தியாயம் எனலாம். மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் அரிதாகவும் பன்மடங்கு விலையிலும் கிடைத்தன. வானொலி கேட்க விரும்பியவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னோட்டத்தில் றேடியோவை இயக்கினார். சுழற்றும் வேகம் குறைந்தால் பாட்டும் தளரும். ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்டனர். செய்திக்காகவே பெரும்பாலும் இம்முயற்சி. இடையே ஒரு திரைப்பாட்டு வந்துவிட்டால் கை தானாகவே தொடர்ந்து சுழலும்.

படம் பார்ப்பது ஊர் முழுவதும் சேர்ந்து செய்யும் காரியமாயிற்று. ஒரு ஜெனறேற்றர், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு டெக் ஆகியவற்றை வாடகைக்கு எடுப்பர். எண்ணெய்க்குக் காசு சேர்ப்பர். யாரேனும் ஒருவருடைய முற்றத்தில் மேசை போட்டுப் பெட்டியை வைத்து, பாயும் சாக்கும் விரித்து, இரவு முழுவதும் இரண்டு மூன்று படங்களைத் தொடர்ந்து ஓடவிடுவர். கசற்றுகள் பிரதியின் பிரதியாகத் தேய்ந்து வந்தவை. படம் நடுங்கும், நிறம் ஒழுகும், பாட்டின் நடுவே கோடு விழும். ஜெனறேற்றரின் இரைச்சல் வசனத்தை விழுங்காதிருக்க அதனை வளவின் மூலைக்குக் கொண்டுபோய் வைப்பர். எண்ணெய் தீர்ந்தவிடத்துப் படமும் முடிந்தது. கதையின் முடிவை மறுநாள் வேறெங்கேனும் பார்த்தவர் வந்து சொல்வார்.

சிவத்தம்பி கூறிய கொட்டகையில் பணமே இருக்கையைத் தீர்மானித்தது. இந்த முற்றத்தில் முதல் வகுப்பும் இல்லை, கலரியும் இல்லை. முந்திவந்து பாய் விரித்தவரே முன்னே இருந்தார். இவ்வேற்றுமையை மிகைப்படுத்தவும் கூடாது. எவருடைய வளவில் படம் ஓடுகின்றது, அவ்வளவுக்குள் யார் யார் தயக்கமின்றி நுழையலாம் என்பவை முற்றிலும் மறைந்துபோன வினாக்கள் அல்ல. ஆயினும் இடம்பெயர்ந்தோர் வந்து நிறைந்த வன்னியிலே, பல ஊரவர் ஒரே முற்றத்தில் நெருங்கி இருந்து ஒரே நகைச்சுவைக்குச் சிரித்த இரவுகள் அவை. 

அங்கே எல்லாப் படங்களும் ஓடவில்லை. அப்பிரதேசத்தை நிர்வகித்த விடுதலைப் புலிகளின் தணிக்கைக்கு உட்பட்டே படங்கள் மக்களிடம் வந்தன. அதே வேளை அவர்களது ‘நிதர்சனம்’ அமைப்பு போர்க்களக் காட்சிகளையும் குறும்படங்களையும் ‘ஒளிவீச்சு’ என்ற வீடியோச் சஞ்சிகையையும் வெளியிட்டது. ஒரே பெட்டியில், ஒரு நாள் தன் அயலூரின் வயலும் தன் அயலவரின் மகனது வித்துடலும், மறுநாள் சென்னையின் கனவுப் பாட்டும் என்றவாறு காட்சிகள் மாறி மாறி வந்தன. இவ்வாறு பார்க்கப் பழகிய கண் அப்பாவிக் கண்ணன்று. திரையில் ஒருவன் குண்டுபட்டு நான்கு நிமிடம் வசனம் பேசி இறப்பதைப் பார்க்கும் வன்னிச் சிறுவனுக்கு மனிதர் எப்படி இறப்பார்கள் என்பது தெரியும். தெரிந்தும் அவன் அந்தப் படத்தை விரும்பினான். மெய் எது, விளையாட்டு எது என்று அவனுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1997 மே மாதம் அரசபடையினர் வவுனியாவிலிருந்து வடக்கே ஏ-9 பாதையைத் திறக்கும் நோக்குடன் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையை ஆரம்பித்தனர். மாங்குளம் அந்நடவடிக்கையின் முக்கிய இலக்குகளுள் ஒன்றாயிற்று. மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். 1998 செப்டெம்பர் இறுதியில் படையினர் மாங்குளத்தைக் கைப்பற்றினர். 1999 நவம்பரில் புலிகள் அதனை மீட்டனர். இரு தரப்பினதும் எறிகணைகள் மாறி மாறி விழுந்த அச்சந்தியில் திரும்பிவந்தோர் கண்டவை சுவரில்லாத கூரைகளும் கூரையில்லாத சுவர்களும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுமே.

இவ்வேளையிலே, 2002 பெப்ரவரி 14 ஆம் நாள், மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வெளிவந்தது. அரசும் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டது அதற்கு எட்டு நாட்களின் பின்னர், பெப்ரவரி 22 அன்று. படத்தின் கதை மாங்குளத்திலே தொடங்குகின்றது. அவ்வூர்ப் பெண் சியாமாவுக்குத் திருமணம் நிகழ்கின்றது, கணவன் போராளி, போர் அவர்களைப் பிரிக்கின்றது. கருவுற்ற நிலையில் அகதியாக இராமேசுவரம் சென்று ஒரு பெண்குழந்தையைப் பெற்று, அதனை அங்கேயே விட்டு அவள் ஊர் திரும்புகின்றாள். சென்னையில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளரும் அக்குழந்தை அமுதா, ஒன்பது வயதில் உண்மையை அறிந்து, ஈன்ற தாயைத் தேடி இலங்கைக்கு வருகின்றாள். நந்திதா தாஸ், மாதவன், சிம்ரன், சிறுமி கீர்த்தனா ஆகியோர் நடித்தனர். ஏ. ஆர். ரஹ்மான் இசை, வைரமுத்து பாடல்கள், சுஜாதா வசனம். இந்திய தேசிய விருதுகள் ஆறு இப்படத்துக்குக் கிடைத்தன.

தமிழ்நாட்டு இரசிகருக்கு மாங்குளம் ஒரு கதைப்பெயர். மாங்குளத்தாருக்கோ அது விலாசம். தபாலட்டைக் காலத்தில் வானொலியிலே ஊர்ப்பெயரைக் கேட்டு மகிழ்ந்தவரின் பிள்ளைகள், இப்போது உலகெங்கும் ஓடும் ஒரு படத்தில் அதே வகையான பெயரைக் கேட்டனர். ஆனால் திரையிலே எழுந்த மாங்குளம் மாங்குளமன்று. அங்கு படம் பிடித்தல் அந்நாளில் இயலாத காரியம். இந்திய நிலமே மாங்குளமாக வேடம் பூண்டது. திரையில் தெரியும் ஈரப் பசுமை, மாரிக்கு ஏங்கி நிற்கும் உலர்வலயக் காட்டின் நிறமன்று. இது திரையுலகிற்குப் புதிதுமன்று. ‘கசபிளாங்கா’ என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் படம் 1942 இல் வெளிவந்தபோது மொறொக்கோவின் அந்நகரம் முழுவதும் ஹொலிவூட் ஸ்ரூடியோவிலேதான் இருந்தது. நிலம் மாறியதை எந்த நாட்டு இரசிகரும் மன்னித்துவிடுவர். மரத்தை மன்னிக்கலாம், மண்ணையும் மன்னிக்கலாம்.

பேச்சை மன்னிப்பது கடினம். செவியால் வளர்ந்த இரசிகனுக்கு நோவு தந்த இடம் இதுவே. ‘கதைத்தல்’ என்ற சொல்லோடும் ‘ஓம்’ என்ற இசைவோடும் வாழும் ஒரு மக்களின் மொழியைப் பிறமாநில நடிகர் வாயில் வைத்தால் அது எழுத்துத் தமிழும் சென்னைத் தமிழும் கலந்த ஒன்றாகவே வெளிப்படும். சியாமாவின் பேச்சும் அவ்வாறே அமைந்தது. வன்னிப் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சினின்றும் வேறுபடும் என்பது சென்னைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இதற்கு இரண்டாண்டுகள் முன்னர், கே. எஸ். ரவிகுமாரின் ‘தெனாலி’யில் கமல்ஹாசன் ஈழத்தமிழ் பேசினார். அதிற் பெருமுயற்சி தெரிந்தது. ஆயின் எதைக் கண்டாலும் அஞ்சும் ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தின் பேச்சாகவே அது தமிழ்நாட்டில் நிலைத்தது. அதன் பின்னர் அங்கு சென்ற ஈழத்தவர் வாய்திறந்ததும் ‘தெனாலி’யை நினைந்து புன்னகைப்போரைக் காண நேர்ந்தது. தாயின் பேச்சு ஒரு படத்தில் சிரிப்பாகவும், மறுபடத்தில் பேச்சாகவே அல்லாமலும் வந்து சேர்ந்தது.

இருப்பினும் அப்படத்தை வன்னி இரசிகர் ஒதுக்கிவிடவில்லை. ஒதுக்க வேண்டியதும் இல்லை. ஊரைவிட்டு மக்கள் மூட்டைகளோடு நடந்து செல்லும் நீண்ட காட்சி ஒன்று அதில் உண்டு, எம். எஸ். விஸ்வநாதன் முதலியோர் பாடிய பாடல் அதன்மேல் ஒலிக்கும். அக்காட்சியில் வேற்று நிலமும் வேற்றுப் பேச்சும் ஒரு பொருட்டாகத் தோன்றா. முதியவரைச் சுமப்போர், திரும்பிப் பார்ப்போர், திரும்பிப் பாராமலே நடப்போர் என 1997 இன் மாங்குளம் அங்கே இருந்தது. குறைகூறற்கு இடமான படம், ஒரு சில நிமிடங்கள் தன் பார்வையாளரைவிடவும் அவர்களது துயரைத் தெளிவாக அறிந்திருந்தது. போராளியின் அரசியலை மணிரத்னம் மேலோட்டமாகத் தொட்டார் என்போர் கூற்றில் உண்மை உண்டு. அவர் இறுதிவரை ஒரு சிறுமியின் வினாக்களையே பின்தொடர்ந்தார். தாய் ஏன் தன்னை விட்டுச் சென்றாள் என்று அமுதா கேட்கும் வினாவுக்கு, பிள்ளைகளைப் பிரிந்த வன்னித் தாய்மாருக்கும் விடை தெரிந்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போது, அத்தெரிவைப் பிழை என்று கொள்வது எளிதன்று.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. ஓமந்தையைத் தாண்டி வாகனங்கள் வந்தன. எண்ணெயும் பற்றரியும் குறுந்தட்டுகளும் வந்தன. தமிழ்நாட்டுக் கலைஞர் சிலரும் வந்தனர். ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ ஆகியவற்றை ஆக்கிய மகேந்திரன் வன்னிக்கு வந்து இளையோருக்குத் திரைக்கலை பயிற்றினார். அவரது மகன் ஜான் நெறிப்படுத்திய ‘ஆணிவேர்’ 2006 இல் வெளிவந்தது. வன்னி மண்ணிலேயே படமாக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பெண் செய்தியாளர் ஒருவரின் கண்ணினூடாகக் கதை சொல்லப்பட்டமையால், அவர் தன் தமிழைப் பேசினார். ஊரவர் தம் தமிழைப் பேசினர். மொழிச் சிக்கலுக்கு அஃது எளிய, நேர்மையான தீர்வு. புலம்பெயர் நாடுகளிலே படம் திரையிடப்பட்ட அவ்வாண்டிலேயே, ஆகஸ்ட் மாதம், ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. 2008 நவம்பரில் மாங்குளம் இராணுவத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்னரே மக்கள் கிழக்கு நோக்கி நடந்துவிட்டனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த நடை அது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் பார்த்த திரைக்காட்சியை அவ்வழியில் நினைத்துப் பார்க்கும் அவகாசம் எவருக்கும் இருந்திராது.

போரின் பின்னர் வன்னியைப் பற்றிய அபிப்பிராயங்கள் பெருகின. வன்னியின் அபிப்பிராயம் அவற்றிடையே குறைவாகவே கேட்டது. 2014 இல் சந்தோஷ் சிவனின் ‘இனம்’ தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் படமாளிகைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. 2020 இல் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படமான ‘800’ இலிருந்து விஜய் சேதுபதி விலகினார். 2021 இல் ‘த ஃபமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பகுதியைத் தடைசெய்யுமாறு தமிழ்நாடு அரசு இந்திய மத்திய அரசுக்கு எழுதியது. இவ்வெதிர்ப்புகளில் நியாயமான சினம் இருந்தது. ஆனால் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ அப்படங்களைப் பார்க்கக்கூடிய ஒருவர் அவற்றைப் பற்றி என்ன எண்ணுவார் என்று கேட்டோர் மிகச் சிலர். அவர் சார்பிலே சினங்கொள்ளப் பலர் இருந்தனர்; அவரைப் பார்க்கவிட்டு, பின்னர் அவரது தீர்ப்பைக் கேட்கும் பொறுமை அருகியே காணப்பட்டது. தபாலட்டைக் காலத்து அறிவிப்பாளருக்கு இருந்த பொறுமை அது. ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரம் ஏற்ற ‘தீபன்’ என்ற பிரெஞ்சுப் படம் 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றபோதும், பாரிசின் புறநகரில் ஈழப்பேச்சு உரிய ஒலியுடன் எழுந்ததைப் பற்றிப் பேசியோரைவிடப் படத்தின் அரசியல் பற்றி வாதிட்டோரே பலர்.

2013 செப்டெம்பரில் புகையிரதம் ஓமந்தையிலிருந்து மாங்குளத்தின் ஊடாகக் கிளிநொச்சிவரை மீண்டும் ஓடியது. மின்சாரமும் செய்மதித் தொலைக்காட்சியும் கைபேசியும் வந்தன. இன்றைய வன்னி இரசிகனுக்கு முற்றம் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி உண்டு, அதனால் ஒன்றாய்க் கூடியிருந்து பார்த்தலும் அருகிவிட்டது. 2023 டிசம்பரில் ஜீ தமிழ்த் தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றாள். அவள் பாடிய பாட்டுகள் சென்னைப் பாட்டுகளே. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் நடுவர்கள் கேட்டவற்றுக்கு அவள் தன் வீட்டில் கதைக்கும் தமிழிலேயே விடை சொன்னாள். அரங்கிலிருந்தோர் அதைச் சிரிக்காமற் கேட்டனர்.